ஐந்தாவது படம்

நாலு படம் இருக்கவேண்டிய ஃபோல்டரில் ஐந்து இருந்தன.

பல் மருத்துவமனையின் பதிவறை அது. ஜன்னல் கிடையாது. மதிய இடைவேளை என்பதால் நோயாளிகளும் கிடையாது. கிராம்பெண்ணெய் நெடியும், வாய் கொப்பளிக்கும் தொட்டியிலிருந்து எழும் புளித்த வாடையும் கதவிடுக்கு வழியே வந்து மேசைமேல் குடியிருந்தன. டாக்டரின் தங்கை பதினோரு வருடமாக அந்த வாடையில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ஃபோல்டர், அதில் மேல்வரிசை, கீழ்வரிசை, இடது, வலது என்று நாலு படம். எல்லாம் அவளே பெயரிட்டு அடுக்கியவை. தப்பு நேர வழியே இல்லை.

அன்று காலையில்தான் லினக்ஸ் கணினியில் ஃபோல்டர்களைத் திறந்து காட்டும் ஃபைல் மேனேஜரை மாற்றியிருந்தாள். பழையது படங்களைக் காட்டாது, பெயர்களை மட்டும் சொல்லும், அதையும் ஆமை வேகத்தில் சொல்லும். பொறுமை போய்ப் புதிதாக ஒன்றை இறக்கி, டெர்மினலில் ஒரு கட்டளை வரி தட்டி, இனி எந்த ஃபோல்டரையும் இதுதான் திறக்கவேண்டும் என்று ஆக்கிவிட்டாள். புதியது சட்டென்று திறந்தது. படங்களைச் சின்னச் சின்னதாக விரித்தது. பெயருக்கு முன்னால் புள்ளி வைத்து மறைத்த கோப்புகளையும் யாரும் கேட்காமலே எடுத்துக் காட்டியது.

ஐந்தாவதின் பெயர் ஒரு புள்ளியும் ஒரு தேதியும்தான். சின்னப் படத்தில் ஈரச் சிவப்பு தவிர ஒன்றும் புரியவில்லை. பெரிதாக்கினாள்.

எத்தனையோ வாய்களைப் பார்த்தவள். சீழுக்கும் சொத்தைக்கும் முகம் சுளிக்காதவள். இதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பிறகு மறுபடி பார்த்தாள். பற்கள் தெரிந்தன, ஆனால் பின்பக்கம். அடிநாக்கின் தடித்த புடைப்புகள் பக்கத்தில், நாக்கு நுனி தூரத்தில். கோழை நூல்நூலாகத் தொங்கியது. அதற்கெல்லாம் அப்பால், திறந்த உதடுகளுக்கு வெளியே, விளக்கும் குனிந்து பார்க்கும் அண்ணனின் முகக்கவசமும். தொண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே பார்த்து எடுத்த படம்.

அடுத்த ஃபோல்டர். ஐந்து. அதற்கடுத்தது. ஐந்து. ஒரு குழந்தையின் பால்பற்களுக்குப் பின்னாலிருந்தும் அதே பார்வை. சீ என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"அண்ணா."

"என்னம்மா?" சிகிச்சை அறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"புதுசுல என்னென்னவோ தெரியுது. எல்லார் ஃபோல்டர்லயும் ஒரு படம் கூடுதலா இருக்கு. நீங்க எடுத்ததா?"

குழாய்ச் சத்தம் நின்றது.

"பழசையே போட்டுடு. நல்லாத்தானே ஓடிட்டிருந்துது."

"யாரு எடுத்ததுன்னு கேக்குறேன்."

"யாரும் எடுக்கலம்மா. பாக்காம இருந்தா ஒண்ணும் இல்ல. மாத்திடு."

அவன் பேசி முடித்த பிறகும், ஈரமாக எதையோ சப்புக்கொட்டும் சத்தம் அங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

டெர்மினலைத் திறந்து பழையதன் பெயரோடு அதே கட்டளை வரியைத் தட்டினாள். எண்டரை அழுத்தப்போன விரல் நின்றது. திங்கட்கிழமை அவளும் அந்த நாற்காலியில் படுத்திருந்தாள். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. அன்றிலிருந்து தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்ட உறுத்தல், காறித் துப்பியும் போகவில்லை. வாயில் பூச்சாடியில் அழுகிய தண்ணீரின் ருசி. மருந்து என்றுதான் நினைத்திருந்தாள்.

ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு மாற்றிவிடலாம்.

தன் ஃபோல்டரைத் திறந்தாள். ஐந்து. ஐந்தாவதில் இன்றைய தேதி. பெரிதாக்கினாள். படத்தில் இந்த நிமிடம்.

பற்களின் பின்பக்கம். திங்கட்கிழமை பல்மேல் போட்ட உலோகத் தொப்பியின் மினுக்கு. உதடுகளுக்கு வெளியே வெளிச்சமாக ஒரு சதுரம். கணினித் திரை. திரையில் இந்த ஃபோல்டர்.

பதறி எண்டரைத் தட்டினாள். அந்த வரி இனிமேல் திறப்பவற்றுக்குத்தான். திறந்தது திறந்தபடியே இருந்தது.

எச்சில் ஊறியது. விழுங்கப் பயமாக இருந்தது.

பிளந்திருந்த வாயை மூடினாள். உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள்.

திரையில் அந்தப் படம் இருண்டது.

தொண்டையில் உறுத்தல் நகர்ந்தது. அடிநாக்கில் ஏறியது. குளிர்ச்சி. கொழகொழப்பு. முன்பற்களின் பின்னால் வந்து ஒட்டியது. தள்ளியது. மெதுவாக. பற்கள் விலகின.

படத்தில் மறுபடி வெளிச்சம். மிக அருகில், வாயைப் பொத்திய அவளுடைய விரல்களின் உட்பக்கம்.