இடது ஓரத்து வெள்ளை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. கதவோரம் நிற்பவரும் உள்ளே வரலாம், இடம் இருக்கிறது. செவ்வாயில் நடந்த கதை ஒன்று சொல்கிறேன். அவ்வளவு தூரம் போய்வந்த அலுப்பு உங்களுக்கு வராது, அதற்கு நான் பொறுப்பு.

குடைவூரில் காலையில் கண் திறக்குமுன் எல்லோரும் செய்யும் முதல் வேலை, இரண்டு இமைகளையும் விரலால் அழுத்திக்கொண்டு மூன்று எண்ணுவது. நாம் பல் துலக்குவது போல அவர்களுக்கு அது. எண்ணி முடித்துக் கண் திறந்தால் சுவரெல்லாம் மல்லிகைக் கொடி ஏறியிருக்கும். கூரை இருந்த இடத்தில் வானம் இருக்கும். சிலருக்குக் கடல் வரும். நீரேற்றுக் கூடத்தில் வேலை செய்யும் சபேசனுக்கு எப்போதும் ஒரு மாந்தோப்பு.

உண்மையில் அங்கே மல்லிகையும் இல்லை, மாந்தோப்பும் இல்லை. பாறைக்குள் நூறு அடி ஆழத்தில் குடைந்த ஊர் அது. பார்க்குமிடமெல்லாம் சாம்பல் நிறச் சுவர். முதல் தலைமுறையில் பாதிப் பேர் அந்தச் சுவரைப் பார்த்தே புத்தி கலங்கிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் நிரப்புப்படலம் வந்தது. பிறந்த மாதமே கருவிழிமேல் ஒட்டிவிடும் மெல்லிய சவ்வு. வெறுமையைக் கண்டால், பார்ப்பவர் மனம் எதற்கு ஏங்குகிறதோ அதை வைத்து நிரப்பும். மங்கலாக ஏதாவது தெரிந்தால் துலக்கித் திருத்தும். மனிதர்களை மட்டும் வைக்காது. வைத்தால் ஜனங்கள் சுவரோடு பேசிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரை மறந்துவிடுவார்கள் என்று நிர்வாகம் விதி போட்டிருந்தது. பூமியில் ஒரு காலத்தில், கையகலக் கண்ணாடிப் பலகையில் தங்கள் முகத்துப் பருவை விரலால் தடவி அழித்துவிட்டுத்தான் ஊருக்குக் காட்டுவார்களாம். அந்தப் பழக்கம் வளர்ந்து கண்ணுக்குள்ளேயே குடியேறியது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த ஊரின் நாலாயிரம் பேரில் ஒருத்திக்கு மட்டும் படலம் ஒட்டவில்லை. அவள் பெயர் நீலாம்பரி, சபேசனின் மனைவி. கைக்குழந்தையிலேயே மூன்று முறை ஒட்டிப் பார்த்தார்கள். மூன்று முறையும் கண் வீங்கிச் சீழ் கோத்துக்கொண்டது. விட்டுவிட்டார்கள். வெறுங்கண்ணி என்று ஊரில் பெயராகிவிட்டது.

“பாவம்க்கா நீங்க,” என்பாள் பக்கத்து அறை ரெஜினா. “இந்தச் செவுத்தப் பாத்துக்கிட்டே எப்படித்தான் சோறு எறங்குதோ!”

“நான் சோத்தப் பாத்துத் திங்கிறேன் ரெஜினா.”

இந்த நீலாம்பரிதான் படம் வரைந்தாள். முதல் கப்பலில் வந்த ஜப்பானிய நிலவியலாளர் ஒருவர் விட்டுச்சென்ற பெட்டி, அவளது பதினேழாவது வயதில் பொதுக் கிடங்கிலிருந்து அவள் கைக்கு வந்தது. உள்ளே மை இழைக்க ஒரு மைக்கல், கரித்துண்டு போல ஒரு மைக்கட்டி, நாலைந்து தூரிகைகள், சுருட்டிய தாளில் ஒரு மலை. மலை என்றால் முழு மலை இல்லை. மேலே ஒரு முகடு, கீழே ஒரு படகு, நடுவில் முழுக்க ஒன்றுமே வரையாத வெள்ளை. அந்த வெள்ளைதான் மூடுபனி என்று அவள் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆனது. மூடுபனியை அவள் எங்கே பார்த்தாள்? பயிர்க்கூடத்துக் கண்ணாடியில் காலையில் ஆவி படியும், அவ்வளவுதான்.

மைக்கட்டியைக் கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு இழைப்பாள். வாழைநாரில் செய்த தாளை முதலில் நனைத்துக்கொள்வாள். செவ்வாயில் எடை குறைவு, ஈரம் சட்டென்று கீழே ஓடாது. மை தாளில் எல்லாப் பக்கமும் மெதுவாக ஊறிப் படரும், யோசித்து யோசித்து நடப்பது போல. அது நிற்கும் இடம் பார்த்து ஒரு சொட்டு நீலமோ பச்சையோ வைப்பாள். தாள் காயும்போது எழும் ஈரத்தைக்கூட ஊர் விடாது. ஒரு பெட்டியில் வைத்து உறிஞ்சித் திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்படி நாற்பது வருடத்துக்கு மேல், மலையும் ஆறும் மூங்கிலும். பார்த்தே இராத பூமி.

சிக்கல் எங்கே என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அவள் படத்தின் உயிர் இருந்தது வெள்ளையில். அந்த ஊர்க் கண்களோ வெள்ளையை விட்டுவைக்காதவை.

ஒரு முறை பொதுக்கூடத்தில் இருபது படங்களை மாட்டினார்கள். கூட்டம் நன்றாகவே வந்தது.

“அந்த மலை வளைவுல பஸ்ஸு திரும்புது பாருங்க, என்னா தத்ரூபம்!” என்றார் ஒருவர்.

“பரோட்டாக் கடைய எப்படிக்கா இவ்ளோ சின்னதா வரைஞ்சீங்க?” என்றாள் ரெஜினா. “கல்லுல எண்ணெய் மினுங்குறதுகூடத் தெரியுது.”

ஒரு கிழவர் மட்டும் ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நீலாம்பரி எல்லோருக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து மைக்கல்லை முகத்தோடு வைத்துக்கொண்டு அழுதாள்.

ஆனால் சபேசன் அப்படி இல்லை என்று அவள் நம்பினாள். வேலை முடிந்து வந்தால், அன்றைய படத்தின் முன் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பான். பஸ் என்றோ கடை என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை. ஒன்றே ஒன்றுதான் சொல்வான்.

“கீழ, இடது ஓரம் நல்லாருக்கு நீலா. அதுல மட்டும் கை வெச்சிடாத.”

இடது ஓரத்தில், ஆற்றங்கரையில், எப்போதும் உள்ளங்கையளவு வெள்ளை விட்டிருப்பாள். ஊரே நிரப்பிப் பார்க்கும் உலகத்தில், வெறுமையின் அருமை தெரிந்த ஒருவன் தனக்குப் புருஷனாக வாய்த்தானே என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பில்தான் அவள் கை இத்தனை வருடம் ஓடியது.

அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள், குமுதா. ஆறு வயதில் நுரையீரல் காய்ச்சலில் போய்விட்டாள். இருபத்தெட்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயரை இருவரும் எடுத்ததில்லை. எடுத்தால் மற்றவர் உடைந்துபோவார் என்று இவரும் அவரும் பயந்தார்கள்.

அறுபத்திரண்டாவது வயதில் நீலாம்பரிக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. விழி மருத்துவர் யூசுப் பார்த்துவிட்டு, நரம்பு வாடுகிறது, ஆறு மாதம் தாங்கும் என்றார். அவள் வருத்தப்பட்டது அதற்கில்லை. நாற்பது வருடம் வரைந்ததை வரைந்தபடி பார்த்த ஒரு கண்கூட இல்லாமல் போகப் போகிறதே என்றுதான்.

“ஏங்க, ஒரு கால் மணி நேரம் படலத்த மூடி வைக்கலாமாம். எனக்காக ஒரு தடவ பாருங்களேன்.”

“எதுக்கு நீலா? நான்தான் தெனமும் பாக்குறேனே.”

“நான் வரைஞ்சத வரைஞ்ச மாதிரி பாக்கணும்.”

“எனக்கு நல்லாவே தெரியுது. இதுவே போதும்.”

“என் கண்ணு போயிடுச்சுன்னா அப்புறம் அத யாருங்க பாப்பா?”

அதற்குமேல் அவன் மறுக்காமல் அவளோடு யூசுப்பிடம் போனான்.

“இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்மா,” என்றார் யூசுப். “படலத்த மூடுங்கன்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்.”

ஒரு கருவியை இமைகளில் வைத்து எடுத்தார். சபேசன் கண் திறந்தான். கையை நீட்டிச் சுவரைத் தொட்டான்.

“செவுரு இவ்வளவு பக்கத்துலயா இருந்துச்சு?”

“எப்பவும் அங்கதாங்க இருக்கு,” என்று சிரித்தாள் நீலாம்பரி. மடியிலிருந்த சுருளை மேசையில் விரித்தாள். அவளுடைய படங்களில் அவளுக்கே பிடித்தது அது. மேலே முகடு, நடுவில் பனி, கீழே ஆறு.

சபேசன் முகட்டைப் பார்க்கவில்லை. நேராக இடது ஓரத்துக்குக் குனிந்தான். விரலால் அந்த வெள்ளையைத் தடவினான். தாளைத் திருப்பிப் பின்புறம் பார்த்தான். மறுபடி முன்புறம்.

“எங்க நீலா?”

“எதுங்க?”

“அவ.” அந்த வெள்ளையில் விரலை ஊன்றினான். “குமுதா. இங்கதான நிப்பா. பச்சப் பாவாடை கட்டிக்கிட்டு. எல்லாப் படத்துலயும் நிப்பாளே. போன வருஷப் படத்துல ரெட்டச் சடை போட்டிருந்தியே.”

நீலாம்பரி அந்த ஓரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். விளங்கியதும் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் அவள வரைஞ்சதே இல்லீங்க.”

“ஒரு தடவகூடவா?”

“ஒரு தடவகூட. கை வரல.”

சபேசன் மருத்துவரைப் பார்த்தான். “படலம் மனுசங்கள வைக்காதுன்னு சொல்வாங்களே டாக்டர்? அதனாலதான நீலா வரைஞ்சதுன்னு இருந்தேன்?”

யூசுப் தலையைக் குனிந்துகொண்டார். “அந்த விதி செவுத்துக்கு எழுதினதுங்க அய்யா. தாளுக்குன்னு யாரும் எழுதல. இந்த ஊருல படம் வரையிறது இவங்க ஒருத்தர்தான?”

“வாயால சொல்ல முடியாம வரையிறன்னு நெனச்சேன் நீலா,” என்றான் சபேசன். “நானும் கேக்கல. கேட்டா நிறுத்திடுவியோன்னு பயம். இருபத்தெட்டு வருஷம்... நாம ரெண்டு பேரும் சேந்துதான் அவளப் பாத்துக்கிட்டிருக்கோம்னு இருந்தேன்.”

கால் மணியில் இன்னும் ஏழு நிமிடம் மீதி இருந்தது. அவன் வேண்டாம் என்றுவிட்டான். “போதும் டாக்டர். திறந்துடுங்க.”

தன் படத்தின் வெறுமையை ஒரு கண்ணாவது காண வேண்டும் என்று அவள் கேட்டாள். கண்டது அவள் புருஷனின் கண். அன்றைக்கு அவனுக்கு மகள் இரண்டாம் முறை செத்தாள்.

அதன்பின் சபேசன் படங்களின் முன் உட்காரவில்லை. படலம் திரும்ப வந்துவிட்டது, ஓரத்தில் அவள் நிற்பதும் தெரிந்தது. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். “அது நீ வரைஞ்சதில்லயே,” என்பான். சோறு பாதியில் எழுந்துவிடுவான். நீரேற்றுக் கூடத்தில் இரண்டு முறை குழாயை மாற்றித் திருகிவிட்டு ஏச்சு வாங்கினான்.

நீலாம்பரி யோசித்தாள். இன்னும் இரண்டு மாதப் பார்வை மிச்சம் இருந்தது. ஒரு நாள் காலையில் தாளை நனைத்து விரித்தாள். முகடு, பனி, ஆறு. பிறகு, வாழ்நாளில் முதல் முறையாக, இடது ஓரத்துக்குத் தூரிகையைக் கொண்டுபோனாள்.

மகளின் முகம் அவளுக்குச் சரியாக நினைவில் இல்லை. தாய் ஒருத்தி இதை வெளியே சொல்ல முடியுமா? ஆனால் அந்தக் குழந்தை நிற்கும் விதம் நினைவிருந்தது, வயிற்றை முன்தள்ளி, ஒரு தோளைச் சாய்த்து. நீர்த்த மையில் மூன்றே இழுப்பு. தலை, தோள், சாய்ந்த உடம்பு. இடுப்புக்குக் கீழே ஒரு சொட்டுப் பச்சை. ஈரத்தில் அது படர்ந்து பாவாடையாகி நின்றது. குழந்தை மூச்சுவிடுவது போல இருந்தது. அவள் வரைந்ததிலேயே சிறந்தது அதுதான். வெறுங்கண் ஒன்று அந்த ஊரில் இருந்திருந்தால் சாட்சி சொல்லியிருக்கும்.

மத்தியானம் சபேசனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தாள்.

“இது நான் வரைஞ்சதுங்க. இடது ஓரம் பாருங்க. என் கையால வெச்சது.”

சபேசன் பார்த்தான். மூன்று மங்கலான மை இழுப்புகள், அதன்கீழ் கலங்கிய பச்சை. மங்கலைக் கண்டால் படலம் சும்மா இருக்குமா? துலக்கித் திருத்திக் காட்டியது.

“கல்லு,” என்றான் மெல்ல. “பாசி படிஞ்ச கல்லு. ஆத்தோரமா ஒரு கல்லு போட்டிருக்க.”

நீலாம்பரி வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம். சொன்னால், மகளைக் கல் என்று சொன்னேனே என்று அவன் நொறுங்கிப்போவான். அதற்குள் அவன் முகம் மாறியது. இரண்டு மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம் அதில் வந்தது. கல்லுக்கு மேலிருந்த வெள்ளையைப் படலம் நிரப்பிக்கொண்டிருந்தது.

“அவளுக்காகவா போட்ட?” என்றான். “இத்தன வருஷமா நின்னுக்கிட்டே இருந்தா நீலா. இப்பப் பாரு, உக்காந்துட்டா.”

“ஆமாங்க,” என்றாள் நீலாம்பரி. “கால் வலிக்குமேன்னுதான் போட்டேன்.”

சில வாரங்களில் அவள் பார்வை முழுவதும் போய்விட்டது. சபேசன் பழையபடி தினமும் படத்தின் முன் உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்காருவாள். ஊரே ஏமாந்து பார்க்கிறது, ஒருவராவது உள்ளதைப் பார்க்க வேண்டும் என்று நாற்பது வருடம் ஏங்கியவள், இப்போது தினமும் அவன் பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்பாள்.

“இன்னிக்கு என்ன பண்றா?”

“தண்ணியில காலை விட்டு ஆட்டிக்கிட்டிருக்கா.”

“சளி பிடிக்கப் போகுது. எடுக்கச் சொல்லுங்க.”

இருவரும் இப்போது இல்லை. படம் மட்டும் குடைவூர்ப் பொதுக்கூடத்தில் தொங்குகிறது. கீழே ‘பாசிக்கல்’ என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் பஸ்ஸையும் கடையையும் பாராட்டிவிட்டு, கல்லையும் ஒரு வார்த்தை பாராட்டிவிட்டுப் போகிறார்கள். மூன்று இழுப்பில் அங்கே நிற்கும் குழந்தையை இன்றுவரை எவரும் பார்க்கவில்லை.

நம் கண்ணில் படலம் எதுவும் இல்லை, கண்ணுகளா. அப்படியிருந்தும், நேற்று உங்கள் வீட்டில் ஒருவர் தம் மனதையே எடுத்து உங்கள்முன் வைத்திருப்பார். நீங்களும் கல் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பீர்கள்.

போய் வாருங்கள். உங்கள் வீட்டுப் பானையில் சோறு குறையாமல் இருக்கட்டும். குழந்தைகள் காய்ச்சல் இல்லாமல் வளரட்டும். எந்தப் பெயரையும் சொல்லப் பயப்படாத வீடாக அது இருக்கட்டும். உங்களைப் பார்க்கிறவர்கள் உங்களையே பார்க்கட்டும்.