சதுரத்துக்கு வெளியே

செல்போன் அலறியது!

எடுக்க வேண்டிய அய்யம்பெருமாள் நாற்காலியில் செத்துக் கிடந்தான். கழுத்தில் மவுஸ் ஒயர்!

"கத்து... நல்லாக் கத்து!" என்றான் பரணிதரன், செல்போனைப் பார்த்து.

அதில் 'தனம்' என்ற பெயர் மின்னியது. புருஷனைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். இனிமேல் அவளுக்கு ஒரு ஆள் சோறு மிச்சம்.

அரியலூரில் இருந்த இந்த பிரவுசிங் சென்டர் அய்யம்பெருமாளுடையது. பெரம்பலூரில் பரணிதரனுக்கு ஒன்று. இருவரும் கூட்டாக ஆரம்பித்ததுதான் 'ஊர்வம்பு' சாட் வெப்சைட். புரோகிராம் எழுதியது பரணிதரன். மெட்ராஸ் கம்பெனி ஒன்று அதை வாங்க வந்திருந்தது. திங்கட்கிழமை கையெழுத்து.

அந்த நேரம் பார்த்தா இந்த மடையன் வாயைத் திறக்க வேண்டும்?

"ஏத்துற போட்டோவைச் சின்னதாக்குறேன்னு கம்பெனிக்காரன்கிட்ட புளுகியிருக்கே! எங்கடா சின்னதாக்குறே? முழுப்படமும் அப்படியே சர்வர்ல கெடக்குது. நடுவுல ஒரு சதுரத்தை மட்டும் ஸ்டாம்ப் சைஸ்ல காட்டுறே. அதான் ஒவ்வொரு மூஞ்சியும் ஆடி அசைஞ்சு வருது!"

"பாக்குற பயலுவளுக்கு அந்தச் சதுரம் போதும்டா. எவன் உள்ள போயிப் பாக்கப் போறான்?"

"நான் பாத்தேன்ல? அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்!"

பார்த்ததற்குத்தான் ஒயர்.

பரணிதரன் பக்கத்துக் கேபினில் உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் கேபினை மறைக்கும் நீல ஸ்க்ரீன். இரண்டு சென்டருக்கும் ஒரே துணியில் தைத்தது. கர்ச்சீப்பால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெப்கேமைப் பார்த்துச் சிரித்தான்.

க்ளிக்!

புரொபைலில் ஏற்றினான். சதுரத்துக்குள் முகமும் நீலத் துணியும். பிரமாதம்!

துபாயிலிருந்த லப்பைக்குடிக்காடு அன்சார் ஆன்லைனில் இருந்தான்.

"பெரம்பலூர் கடையில ஈ ஓட்டிட்டு இருக்கேன். இப்ப எடுத்த போட்டோ, எப்பிடி?" என்று பரணிதரன் தட்டினான்.

"மாப்ள மாதிரி இருக்கே மச்சான்!"

சாட்சி ரெடி. பரணிதரன் கடைசி பஸ்ஸுக்குக் காத்திராமல் பைக்கில் பெரம்பலூர் திரும்பினான்.

மறுநாள் காலை...

இன்ஸ்பெக்டர் அரங்கநாதன் தொப்பையைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் சென்டருக்குள் வந்தார். மவுஸை உற்றுப் பார்த்தார்.

'இதைப் பிடிக்கத் தெரியாது. இவன் என்னைப் பிடிக்கப் போறானா?' பரணிதரனுக்குச் சிரிப்பு வந்தது.

"நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க தம்பி?"

"இங்கதான் சார். அன்சார்கூட சாட் பண்ணிட்டு இருந்தேன். இந்தா பாருங்க, அப்ப எடுத்த போட்டோ. பின்னால நம்ம ஸ்க்ரீன்."

"அடடே, ஆமா! நானும் ஸ்டேஷன்ல பாத்தேன். உங்க மூஞ்சி வர்றதுக்குள்ள ரெண்டு டீ குடிச்சிட்டேன்!"

"உங்க லைன் ஸ்லோ சார்."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். தனம் பொண்ணுதான் அழுதுகிட்டே சொல்லிச்சு. 'படத்தைச் சின்னதாக்காம ஏமாத்துறான்னு எங்க வூட்டுக்காரரு ஒரு வாரமா பொலம்பிட்டு இருந்தாங்க சார், அதைக் கேக்கத்தான் நேத்து அவனை வரச் சொல்லியிருந்தாங்க'ன்னு."

பரணிதரனின் சிரிப்பு நின்றது.

"அப்ப முழுப்படம் உள்ளயே இருக்குமேம்மான்னேன். அந்தப் பொண்ணே புருஷன் பாஸ்வேர்டைப் போட்டு எடுத்துக் குடுத்திச்சு. ஸ்டுடியோவுல குடுத்துப் பெரிசா ஒரு பிரின்ட் போட்டேன்."

கவரிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார்.

நடுவில் பரணிதரனின் இளிப்பு. ஓரத்தில் ஸ்க்ரீன் ஒரு சாண் விலகியிருந்தது. அந்த இடைவெளியில்... தலை தொங்கிய அய்யம்பெருமாள்! கழுத்தில் ஒயர்!

"சார்... அது..."

"கொலைகாரனும் பொணமும் ஒரே போட்டோவுல! என் சர்வீஸ்ல இப்பிடி ஒத்துழைச்ச ஆளை நான் பாத்ததே இல்ல தம்பி."

கைவிலங்கு மாட்டினார்.

"நாளைக்குப் பேப்பர்ல உங்க போட்டோ வரும். கவலைப்படாதீங்க... அவங்க ஒழுங்கா சின்னதாக்கிப் போடுவாங்க!"