மழைக்குருவியைக் காணவில்லை

வியாழக்கிழமை மாலை நான்கு இருபதுக்கு மழைக்குருவி காணாமல் போனாள். அதற்கு ஒரு நிமிடம் முன்புகூட, "கதவைத் தட்டுறாங்க. பயமா இருக்கு. நீ சாப்பிடாம இருக்காதே" என்று எழுதியிருந்தாள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக் பதறிப்போய் அவள் பக்கத்தைத் திறந்தான். அப்படி ஒருவர் இல்லை என்றது திரை.

மறுநாள் காலை அவன் காவல் நிலையத்தில் நின்றான். கையில் கிரீஸ் வாடை, கண்ணில் தூக்கமில்லை. புகாரைக் கேட்ட பெண் எஸ்.ஐ. சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டாள். காணாமல் போனவளின் நிஜப்பெயர் தெரியாது. ஊர் தெரியாது. முகத்தை ஒரு மங்கலான போட்டோவில் பார்த்ததோடு சரி. 'கூடு' என்ற அந்த இணையதளத்தில் யாரும் சொந்தப் பெயரில் இருப்பதில்லையாம், எல்லோரும் பறவைகள். இவன் மரங்கொத்தி.

"இந்தப் புகாரெல்லாம் வாங்கினா, நான் சரணாலயத்துலதான் ஸ்டேஷன் போடணும்" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. மழைக்குருவிக்கு நடக்க முடியாது என்றான். மாடியறை ஒன்றில் படுத்தே கிடப்பவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுத மாட்டாள். அன்றைக்கு அம்மா பக்கத்திலேயே இருப்பாள், அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. பழைய மோட்டாரும் தண்டவாளத் துண்டுகளும் பொறுக்கிச் சேர்த்து, மாடிப்படியில் தானே ஏறி இறங்கும் நாற்காலி ஒன்றை அவளுக்காக அவன் ஆறு மாதமாகச் செய்துகொண்டிருந்தான். போன வாரம் வேலை முடிந்தது. முகவரி கேட்டு எழுதினான். பதில் வருவதற்குள் இப்படி.

"ஏதோ போரடிச்சு ஒதுங்கியிருக்கலாம் இல்லையா?"

"அவ அப்படி இல்ல மேடம். போன மார்ச்சுல கூடு ரெண்டு நாள் படுத்துடுச்சு. யாராலயும் உள்ள போக முடியல. என் பொண்டாட்டி போய் அன்னைக்கு ஒரு வருஷம். அப்பக்கூட மழைக்குருவி எழுதினா. கூட்டுல யார் எழுதினாலும் ஒரு நகல் நம்ம மெயிலுக்கு வரும். அப்படி வந்து விழுந்துச்சு. இன்னைக்குத் தனியா இருக்காதே, யார் வீட்டுக்காவது போன்னு."

எஸ்.ஐ.யின் மனசு அதில் நிற்கவில்லை. கதவைத் தட்டியது யார் என்பதிலேயே அது சிக்கிக்கொண்டிருந்தது. எழுந்து தொப்பியை எடுத்தாள்.

பன்னிரண்டரை மணி. மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் கூட்டின் அலுவலகம். மெக்கானிக்கைப் படிக்கட்டில் உட்காரச் சொல்லிவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். தொப்பை வைத்த கம்ப்யூட்டர்கள், தரையெல்லாம் ஒயர், சுவரில் 'எட்டு லட்சம் பறவைகள்!' என்று ஒரு அட்டை. எட்டு லட்சம் பேரைக் கட்டி மேய்ப்பது மூன்றே பேர். புதுச்சட்டை போட்ட இளம் முதலாளி. அவனுடைய அக்கா, மூலையில் உட்கார்ந்து உறுப்பினர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுபவள். இரவெல்லாம் விழித்திருந்து தளத்தைப் பார்த்துக்கொள்ளும் புரோகிராமர். அவனை இருவரும் ஆந்தை என்றே கூப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை ஒரு பெரிய கம்பெனி கூட்டை விலைக்கு வாங்க வருகிறதாம். முதலாளிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அவங்களே கணக்கை மூடிட்டுப் போயிருப்பாங்க மேடம். தினமும் நூறு பேர் போறாங்க."

ஆந்தை கொட்டாவியோடு திரும்பினான். "தானா மூடினா, நண்பர்கள் பக்கத்துல அந்தப் பேர் சாம்பல் கலர்ல நிக்கும். இது வேரோட போயிருக்கு. இங்கிருந்துதான் யாரோ அழிச்சிருக்காங்க."

முதலாளி பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

எஸ்.ஐ. மனசுக்குள் கோத்துப் பார்த்தாள். எழுந்து ஓட முடியாத ஒரு பெண். அவள் இருக்கும் இடம் இந்த அறையில் யாருக்கோ தெரிந்திருக்கிறது. போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள். பிறகு அவள் இருந்த தடத்தையே துடைத்திருக்கிறார்கள். யார் அழித்தது என்று கேட்டாள். பாஸ்வேர்டு மூன்று பேருக்கும் தெரியும் என்றான் ஆந்தை. அக்கா தலை நிமிரவே இல்லை.

அழிந்ததன் பழைய பிரதி எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்க்க மூன்று மணி நேரமாகும் என்றான் ஆந்தை. எஸ்.ஐ. காற்று வாங்கக் கீழே இறங்கினாள். மருந்துக்கடை சாப்பாட்டு நேரத்துக்காக மூடியிருந்தது. ஷட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு இரண்டு பேர் முணுமுணுத்தபடி போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் ஷட்டர் ஒரு சாண் உயர்ந்தது. அடியிலிருந்து ஒரு கை நீண்டு, ஓரமாகக் காத்திருந்த கிழவரிடம் மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே போயிற்று.

எஸ்.ஐ. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடை மூடியிருந்தால் வெளியில் இருப்பவனுக்குத்தானே கிடைக்காது?

இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

"மார்ச்சுல தளம் படுத்தப்ப யார் யார் எங்க இருந்தீங்க?"

முதலாளி வெளியூரில் முதலீட்டாளர்களின் வாசல் வாசலாக நின்றிருந்தான். ஆந்தை நகரத்தின் மறுகோடியில் மெஷின்கள் இருக்கும் குளிர் அறையில், ஸ்க்ரூடிரைவரோடு தரையிலேயே தூங்கியிருக்கிறான்.

"இங்க?"

மூலையில் கீபோர்டு சத்தம் நின்றது.

"எட்டு லட்சம் பேருக்கும் கதவு மூடியிருந்த அன்னைக்கு மழைக்குருவி மட்டும் எழுதியிருக்கா. அவளால எப்படி முடிஞ்சுது?"

"இந்த ஆபீஸ் உள்ள இருந்து எழுதினா மெயில் மட்டும் போகும்" என்ற ஆந்தை, சொல்லி முடித்த பிறகுதான் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் லீவு" என்றாள் எஸ்.ஐ. "மழைக்குருவி நீங்கதானே?"

அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஆரம்பத்தில் கூட்டில் ஆளே இல்லை என்றாள். ஈ ஓட்டும் ஹோட்டலில் யார் வந்து உட்காருவார்கள்? அதனால் தம்பி கேட்டுக்கொண்டபடி ஆட்களை உண்டாக்கினாள். ஒருத்திக்கு நோய், ஒருவருக்குத் தோட்டம், ஒருவருக்கு ஓயாத தும்மல். வந்தவர்களோடு அவர்கள் எல்லோரும் பேசினார்கள். பிறகு நிஜ மனிதர்கள் வந்து குவிந்தார்கள். நிறுத்தச் சொன்னான் தம்பி. அவளால் முடியவில்லை.

"கதவைத் தட்டினது?"

"இவன்தான். அந்த உள்ரூம்ல பூட்டிக்கிட்டு எழுதிட்டிருந்தேன். ஒருத்தன்கிட்ட மட்டும் சொல்லிட்டு வந்துடறேன்டான்னு கெஞ்சினேன்."

"வாங்குறவன் ஒரு பொய் ஆளைக் கண்டுபிடிச்சாலும் அவ்வளவுதான்க்கா" என்றான் முதலாளி. "அந்த மரங்கொத்தி அட்ரஸ் வேற கேட்டான். வேற என்ன செய்யச் சொல்றே?"

"அப்ப அழிச்சது நீங்க" என்றாள் எஸ்.ஐ. அவன் மறுக்கவில்லை. எந்தச் சட்டத்தில் எதை எழுதுவது என்று அவளுக்குப் புரியவில்லை. கொலை என்று நினைத்து வந்தவளுக்குப் பிணம்கூட இல்லை.

அப்போதுதான் வாசலில் மெக்கானிக் நிற்பதைப் பார்த்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ.

"மைனாவும் நேத்துலேருந்து எழுதல" என்றான் மெதுவாக.

"அதுவும் நான்தான்" என்றாள் அக்கா.

"நாரை வாத்தியார்?"

"அவரும் நான்தான்."

"தும்முவாரே, கௌதாரி?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஒவ்வொரு பெயராக அவன் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் அந்தத் தலை ஆடியது.

"காக்கா?"

"அவரை எனக்குத் தெரியாது."

"பிரவுசிங் சென்டர்காரர்" என்றான். "பாக்கிக் காசு கேட்டு மெசேஜ் போடுவார்." அவனுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து பாதியில் நின்றது. பிறகு அவள் கால்களைப் பார்த்தான். "உங்களால நடக்க முடியுமா?"

அவள் எழுந்து நின்றாள். மேஜையைச் சுற்றி இரண்டடி வைத்தாள்.

"நாற்காலி முடிஞ்சுடுச்சு" என்றான். "சத்தமே வராது. வேற யாருக்காவது குடுத்துடறேன்."

அவன் இறங்க ஆரம்பித்தான். முதல் திருப்பத்தை அவன் தாண்டுவதற்குள் அக்கா வாசலுக்கு ஓடி வந்தாள்.

"மரங்கொத்தி... சாப்பிடாம இருக்காதே."

அவன் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று ஒன்றரை வருஷமாக யோசித்திருக்கிறான். திரும்பிப் பார்க்க மட்டும் அவனுக்குத் தைரியம் வரவில்லை.