பெகாகா ஜூஸில் அரளி

காலை ஏழு பத்து.

உட்லண்ட்ஸ் வட்டாரம். அடுக்குமாடி வீடு. எட்டாவது தளம்.

"ஐயோ... கண்ணெல்லாம் மஞ்சளா தெரியுதே!"

அலறியவர் வேலாயுதம். வயது அறுபத்தெட்டு. அலறி முடிப்பதற்குள் வாந்தியெடுத்துச் சமையலறை வாசலில் சரிந்துவிட்டார்!

மருமகள் கவிப்ரியா தன் அறையிலிருந்து ஓடி வந்தாள். செடிகள் விற்கும் நர்சரியில் அவளுக்கு வேலை. கணவன் அகிலன் போன வாரம்தான் துவாஸ் துறைமுகத்தில் கப்பலேறி வேலைக்குப் போனான். வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

மேசையில் ஒரு கண்ணாடித் தம்ளர். பாதி குடித்த பெகாகா ஜூஸ். பெகாகா என்றால் வேறொன்றுமில்லை, வல்லாரைதான். மூளைக்கு நல்லது என்று கிழவர் தினமும் குடிப்பார்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது வேலாயுதம் கஷ்டப்பட்டு வாயைத் திறந்தார்.

"என் மருமக... ஜூஸ்ல என்னமோ கலந்து குடுத்துட்டா..."

அவ்வளவுதான். கண் செருகிவிட்டது!

ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே போலீஸும் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவின் வாசல்.

இன்ஸ்பெக்டர் தனசேகரன் நின்றார். பக்கத்தில் சார்ஜெண்ட் ரக்ஷனா. எதிரே, நாற்காலி நுனியில் கவிப்ரியா.

கதவு படீரென்று திறந்தது. டாக்டர் ஸைஃப்!

"பல்ஸ் முப்பத்தெட்டு... இறங்கிட்டே இருக்கு. அவர் என்ன சாப்பிட்டாரு? மாத்திரையா, இலையா, விதையா? தெரிஞ்சாத்தான் மாத்து மருந்து போட முடியும். அந்த மாதிரி மருந்தெல்லாம் இங்க இல்ல, வேற ஆஸ்பத்திரியிலேர்ந்து வரணும். யாருக்காவது தெரியுமா?"

தனசேகரன் கவிப்ரியாவைப் பார்த்தார்.

கவிப்ரியாவின் நெற்றி வியர்த்தது. அவளுக்குத் தெரியும்! மஞ்சளாகத் தெரியும் பார்வை, வாந்தி, இறங்கும் நாடி... செடியோடு பழகியவளுக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் வாயைத் திறந்தால் போச்சு. அந்தச் செடி அவள் வீட்டு காரிடாரில் இருக்கிறது. வாங்கி வந்ததும் அவள்தான்!

சொன்னால் தூக்கு. சொல்லாவிட்டால் கிழவர் காலி.

"அரளி!"

"என்னது?"

"செவ்வரளி, டாக்டர்! இலையா இருக்கும். ஹார்ட்டைத்தான் அடிக்கும். சீக்கிரம் மருந்த வரவழைங்க, ப்ளீஸ்!"

டாக்டர் ஓடினார்.

தனசேகரன் நிதானமாகத் திரும்பினார். வலையில் மீன் தானாக வந்து விழுந்தால் யார்தான் சந்தோஷப்பட மாட்டார்கள்?

"கரெக்டா சொல்றீங்களேம்மா. எப்படி?"

"நர்சரியில வேலை சார். எது மருந்து, எது விஷம்னு கஸ்டமருக்கு சொல்லித்தானே விக்கணும்?"

"வீட்ல அரளி எதுக்கு?"

"மாமாதான் கேட்டாரு. பூஜைக்குப் பூ வேணும்னு. சளிக்கு ஓமவல்லி, ரசத்துக்குக் கறிவேப்பிலை, முருகனுக்கு அரளி... எல்லாம் நான்தான் வெச்சேன்."

"ஜூஸும் தினமும் நீங்கதானே போடுவீங்க?"

"ஆமா சார்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு நான் போடல."

"ஏன்?"

கவிப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏன்மா போடல? கேக்குறேன்ல?"

அவள் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது.

"மாமனாருக்கும் உங்களுக்கும் சண்டையாமே? பக்கத்து வீட்டு சுதா சொல்றாங்க."

"அடுத்த மாசம் எங்க புது வீட்டுச் சாவி வருது சார். தனியா போறோம். அவருக்குப் பிடிக்கல. தினமும் ஒரே ஏச்சு. ஆனா அதுக்காக ஒரு மனுஷனைக் கொல்லுவாங்களா?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

போன் ஒலித்தது. சோதனைக்கூடம். தனசேகரன் கேட்டார், தலையாட்டினார், வைத்தார்.

"ஜூஸ்ல இருந்தது அரளிதான். வாங்க, போலாம்."

"எங்க சார்?"

"வேற எங்க? ஸ்டேஷனுக்குத்தான்!"

போலீஸ் நிலையம். பகல் ஒரு மணி.

விசாரணை அறையில் கவிப்ரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனசேகரன் வெளியே போன நிமிடம், ரக்ஷனாவைப் பார்த்தாள்.

"அக்கா... ஒண்ணு கேக்கவா?"

"சொல்லு."

"பேட் இருக்கா உங்ககிட்ட?"

ரக்ஷனா பையைத் திறந்தாள். எடுத்தாள். நீட்டிய கை பாதியில் நின்றது!

"இன்னிக்கு எத்தனாவது நாள்?"

"முதல் நாள்க்கா. விடியக்காலையிலதான்..."

"உங்க மாமா இதெல்லாம் பார்ப்பாரா?"

"பார்ப்பாராவா!" கவிப்ரியாவுக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. "இன்னும் அந்தக் காலத்துலயே இருக்காருக்கா. மூணு நாளும் சமையல்கட்டுல கால் வைக்கக்கூடாது, அரளிச் செடிப் பக்கம் போகக்கூடாது, சாமிக்கு ஆகாதாம். அவர் காப்பிய அவரே போட்டுக்குவாரு. என் கையால ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டாரு!"

"அவருக்குத் தெரியுமா, இன்னிக்குன்னு?"

"ஆறு மணிக்கே கதவோரம் நின்னு சொல்லிட்டேன். சொல்லலன்னா அதுக்கும் ஏச்சு விழும்."

"அடிப்பாவி... தண்ணியே குடிக்காதவரு ஜூஸ் எப்படிக் குடிப்பாரு? இத ஏன் முதல்லயே சொல்லல?"

"யார்கிட்ட? இன்ஸ்பெக்டர் சார்கிட்டயா? அவ்ளோ ஆம்பளைங்க நிக்கிற இடத்துலயா?"

ரக்ஷனா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

விஷயத்தைக் கேட்ட தனசேகரன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். முப்பது வருஷ சர்வீஸில் இப்படியொரு அலிபியை அவர் பார்த்ததில்லை!

மறுநாள் காலை.

மருந்து வேலை செய்திருந்தது. வேலாயுதம் கண் விழித்திருந்தார். கட்டிலருகே தனசேகரனும் ரக்ஷனாவும். வாசலில், உள்ளே வராமல் கவிப்ரியா.

"ஐயா, ஜூஸ யாரு குடுத்தது?"

"மருமகதான்..."

"நேத்து அவங்களுக்கு முதல் நாள். அவங்க கையாலயா வாங்கிக் குடிச்சீங்க?"

கிழவர் போர்வையை நெஞ்சு வரை இழுத்துக்கொண்டார்.

"ஜூஸ அடிச்சது யாரு? இலையப் பறிச்சது யாரு?"

வேலாயுதம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான்தான்."

"எதுக்குய்யா?"

"கொஞ்சம் வாந்தி வரும், அவ்ளோதான்னு நெனச்சேன். பழி அவ மேல விழுந்தா, என் பையன் அவளை விட்டுட்டு என்கூடயே இருந்துருவான்லா... தனியா இருக்க பயமா இருக்கு சார். செத்துக் கிடந்தாக்கூட நாத்தம் வந்தாத்தான் தெரியும்."

கவிப்ரியாவுக்கு ஆத்திரம் பொங்கியது. பாவமாகவும் இருந்தது.

"போலீஸ்கிட்ட பொய் சொன்னது குத்தம்," தனசேகரன் எழுந்தார். "கேஸ் வரும், தயாரா இருங்க. உங்க உயிரக் காப்பாத்துனது யாரு தெரியுமா? அரளின்னு டாக்டர்கிட்ட கத்துனது இவங்கதான். அதைச் சொன்னதுனாலதான் நான் இவங்களைப் புடிச்சேன்!"

வேலாயுதம் மெல்லத் திரும்பினார். மருமகளை முதன்முறையாக நேராகப் பார்த்தார்.

"நீ ஏன்மா சொன்ன? பேசாம இருந்திருக்கலாமே?"

"நீங்க போயிட்டா, நான் செய்யலன்னு சொல்றதுக்கு வேற யாரு மாமா இருக்கா?"

கிழவரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. உதடு வறண்டு வெடித்திருந்தது. நர்ஸைத் தேடினார். யாரும் இல்லை. இரண்டு கையையும் மருமகளிடம் நீட்டினார்.

"கவி... கொஞ்சம் தண்ணி குடும்மா."

கவிப்ரியா தம்ளரை நிரப்பினாள். கட்டில் வரை வந்து நின்றாள்.

"இன்னிக்கு ரெண்டாவது நாள்தான் மாமா... பரவால்லயா?"