வெள்ளைக்கருவில் ஒரு நூல்

முட்டைக்குள் ஏதோ நெளிந்தது.

முட்டைப் பண்ணையின் இருட்டறையில், விளக்குப் பெட்டியின் துளைமேல் ஒவ்வொன்றாக வைத்து, உள்ளே ரத்தமோ குஞ்சோ தெரிகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் இருபத்தாறு வருடமாக அவள் வேலை. எக்ஸ்ரே அக்கா என்றே பெயர். எச்சமும் ஈர அட்டையும் உடைந்து புளித்த மஞ்சள் கருவும் கலந்த நாற்றம் அவளுக்குப் பழகிவிட்டது. இந்த நெளிவு பழக்கமில்லை. கறுத்த நூலொன்று, ஒரு நுனி சுருண்டு, வெள்ளைக்கருவில் வழவழவென்று நீந்தியது. சீ என்று ஒதுக்கி வைத்தாள். அடுத்த முட்டையிலும் அதே அசிங்கம். அதற்கடுத்ததிலும்.

அவள் ஒதுக்கிய நாற்பதையும் மேஸ்திரி வாளியில் உடைத்து மேலாகப் பார்த்தார். கொழகொழவென்று கிடந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"என்னக்கா, எக்ஸ்ரே மிஷின் ரிப்பேரா? போய் கண்ணைக் காட்டிட்டு வாங்க."

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"கண்ணுக்குள்ள முட்டை வெள்ளை மாதிரி ஒரு ஜெல்லி இருக்கும்மா. வயசானா அது தண்ணியாகி சுருங்கும். நூல்நூலா திரண்டு மிதக்கும். அதோட நிழலைத்தான் பாக்கறீங்க. இந்த நூல் வலது கண்ணுல மட்டும்தான் இருக்கு. கண்ணை அசைக்காம நிறுத்தினா அதுவும் மெல்ல அடங்கிடும். திடீர்னு மின்னல் அடிச்சாலோ, புள்ளிபுள்ளியா கொட்டினாலோ, திரை விழுந்த மாதிரி மறைச்சாலோ அன்னிக்கே ஓடி வந்துடணும். இப்போதைக்கு பயப்பட வேண்டாம்."

தன் முகத்திலேயே இரண்டு முட்டைகள் கூழாகிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்து முகம் சுளித்தாள். ஆனாலும் அப்பாடா என்றிருந்தது. அன்றிலிருந்து நூல் தெரிந்தால், எல்லாம் என் கண் செய்யும் வேலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நல்ல முட்டையோடு சேர்த்துவிட்டாள். தட்டுத் தட்டாக. அதிலிருந்தே வீட்டுக்கும் எடுத்துப் போனாள். ஏழு மாத வயிற்றோடு இருக்கும் மகளுக்கு, தினம் இரண்டு, அரைவேக்காடாக.

பத்தாம் நாள் மதியம் வலது கண்ணில் தூசி விழுந்தது. அந்தக் கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் முட்டையைப் பார்த்தாள்.

நூல் இருந்தது.

கண்ணை அசைக்காமல் நிறுத்தினாள். அடங்கவில்லை. ஓட்டின் உட்புறத்தைத் தடவியபடி ஒரு சுற்று வந்தது. நின்றது. சுருண்ட நுனி நிமிர்ந்து, வெளிச்சத்தின் பக்கம் திரும்பியது.

முட்டையை அப்படியே போட்டாள். பெற்ற வயிறு பற்றி எரிய, வீட்டுக்கு ஓடினாள்.

மகள் அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மோவாயில் மஞ்சள் கரு வழிந்து காய்ந்திருந்தது. சுற்றிலும் ஓடுகள்.

"சாப்பிடாதடி."

"ரெண்டு பத்தலம்மா. பச்சையாவே குடிச்சுட்டேன். பசி அடங்கவே மாட்டேங்குது."

"குழந்தை உதைக்குதா?"

"உதைக்கறதெல்லாம் நின்னு நாலு நாளாச்சு. இப்போ சும்மா சுத்திக்கிட்டே இருக்கு."

அவள் மகளின் சட்டையை விலக்கினாள். வலது கண்ணை மூடிப் பார்த்தாள். இடது கண்ணை மூடிப் பார்த்தாள். இழுபட்டுப் பளபளத்த தோலுக்கு அடியில், விரல் தடிமனில் ஒன்று தொப்புளைச் சுற்றி ஊர்ந்துகொண்டிருந்தது. நிற்கவே இல்லை.