வாய் கட்டிய அலாரம்

மெயின் சுவிட்சை இறக்கி இருபது நிமிடமாகியும் மோட்டார் டிரைவின் சிவப்பு விளக்கு அணையவில்லை. உள்ளே மிஞ்சிய மின்சாரம் ஐந்து நிமிடம் தாங்கும், மெஷின் ரிப்பேர் பார்க்கும் நிஷாந்திக்குத் தெரியும். இருபது நிமிடம் தாங்கும் என்று எந்த வாத்தியாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

பலாபத்வலை மரப்பட்டறையில் மத்தியானமே மழை இருட்டிவிட்டிருந்தது. தகரக் கூரையில் ஓயாத இரைச்சல், வெளியே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் லொறிகள், பலா மரத்தூளின் புளித்த வாசனை, அதற்கும் அடியில் மூன்று மாதமாகியும் போகாத டெட்டோல் வாடை. இத்தனைக்கும் நடுவே, கதவுப் பலகைகளில் பூச் செதுக்கும் அந்த மெஷின் கட்டர் தலையைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றது. நெற்றியில் சந்தனமும் குங்குமமும். கழுத்தில் மந்திரித்த மஞ்சள் நூல். அதை ஓட்டிய லெட்சுமணன் அதிலேயே அடிபட்டுச் செத்த பிறகு முதலாளி சசிக்குமார் பார்த்த ரிப்பேர் அவ்வளவுதான்.

மோட்டார் திணறினால் டிரைவ் அலாரம் கொடுக்கும். அது வயர் வழியே கன்ட்ரோலருக்குப் போனால் மெஷின் நிற்கும். அடிக்கடி நிற்கிறதே என்று முதலாளி கத்தியபோது, "வெள்ளிக்கிழமை வரைக்குந்தான்" என்று சொல்லி, ஒரு சாண் சிவப்பு வயரால் அந்த அலாரத்தின் வாயைக் கட்டியவள் நிஷாந்திதான். வியாழனன்றே தலை இறங்கி லெட்சுமணனின் கையைப் பலகையோடு நசுக்கியது. மோட்டார் திணறியது, டிரைவ் கத்தியது, கன்ட்ரோலருக்கு எதுவும் கேட்கவில்லை. ரத்தம் நிற்காமல், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஆள் முடிந்துபோனார்.

இன்று அவள் யாரும் கூப்பிடாமலே வந்திருந்தாள்.

"நூல் கட்டியாச்சே புள்ள, இனி என்னத்துக்கு வயரு? வேலை நிக்குது, கெளம்பு," என்றார் முதலாளி.

"நூல் மெஷினை நிப்பாட்டாதுங்க முதலாளி. பொலிஸைக் கூப்பிட்டாலும் மாத்தாமப் போகமாட்டேன்."

சிவப்பு வயரைப் பிடுங்கி எறிந்தாள். அலாரம் வயரைக் கன்ட்ரோலரில் வைத்து முறுக்கினாள். பவர் கொடுத்துத் தலையை இறக்கிப் பார்த்தாள். கீழே வெறும் மேசை, மேலே படிந்த தூள். ஆனாலும் திரையில் சுமை ஏறியது. தொண்ணூறு சதவீதம். நூற்றிருபது. நூற்றைம்பது. தலையை யாரோ கீழிருந்து தாங்கிப் பிடிப்பதுபோல மோட்டார் முனகியது.

அலாரம். மெஷின் நின்றது.

"பார்த்தியா, திரும்ப நிக்குது!" முதலாளி ஆத்திரத்தில் பிளக்கையே பிடுங்கிப் போட்டார். சிவப்பு விளக்கு அணையவில்லை. மேசைத் தூளில் ஒரு குழி விழுந்தது. உள்ளங்கை. பிறகு விரல்கள். ஒவ்வொன்றாக.

"எலிதான்," என்றார் முதலாளி. குரல் அவருடையதாக இல்லை. அதை அழிக்கக் கையை நீட்டினார். கை அந்தத் தடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது.

விளக்கு அணைந்தது.

பிளக் தரையில்தான் கிடந்தது. ஆனாலும் தலை இறங்கியது. அங்குலம் அங்குலமாக. சத்தமே இல்லை.

"ஐயோ, பிடிக்குது புள்ள! கை வருதில்ல!"

ஸ்டொப் பட்டனை அடித்தாள். இறங்கியது. மறுபடி அடித்தாள். இறங்கியது.

பயந்தாள். அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது, அவர் மேல், தன் மேல், செத்தவர் மேலும். அவள் ஓடவில்லை. தன் கையை முதலாளியின் கை மேல் வைத்தாள்.

"வாயைக் கட்டுனது நான்தான் லெட்சுமணண்ணே. இந்தாங்க, மொதல்ல என் கை. ஆனா வயரு போட்டாச்சு. இனி இந்த மெஷின் யாரு இறக்குனாலும் நிக்கணும். நீங்க இறக்குனாலும் நிக்கணும்!"

சிவப்பு விளக்கு எரிந்தது.

கட்டர் அவள் நகத்தைத் தொட்டு நின்றது. மேலே ஏறவில்லை. அவள் கையை எடுக்கப் பார்த்தாள். அதன் மேல், ஈரமாக, சில்லென்று, மூன்றாவதாக ஒரு கை அமர்ந்திருந்தது.