அறுநூற்றுப் பன்னிரண்டாம் வரி

அமல்ராணி கையில் இருந்த புரோகிராம் மொத்தமே அறுநூற்றுப் பதினோரு வரிகள். அறுநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் ஓர் எச்சரிக்கை என்றது, புரோகிராமைச் சரிபார்த்து மொழிமாற்றும் கம்பைலர்.

எண்பத்தெட்டு சித்திரை, பகல் இரண்டு மணி. திண்டிவனத்துப் பால் குளிரூட்டும் நிலையத்தில், தொட்டியின் கலக்கும் துடுப்பை ஓட்டுகிற புரோகிராமைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதிய யூனிக்ஸ் இயந்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். நாற்பது எச்சரிக்கைகளில் முப்பத்தொன்பதைத் தீர்த்தாகிவிட்டது. மிஞ்சியது ஒன்று: தொட்டி மூடி திறந்திருக்கிறதா இல்லையா என்று குறித்துவைக்கும் மாறிக்குத் தொடக்க மதிப்பு தரப்படவில்லை.

பூஜ்யம் என்றால் மூடி திறந்திருக்கிறது, துடுப்பு சுழலாது. பழைய கம்ப்யூட்டரில் மதிப்பு தராத இடமெல்லாம் தானாகவே பூஜ்யமாக இருக்கும். புதியதில் முன்பு என்ன குப்பை கிடந்ததோ அதுவே கிடக்கும். ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

சுவருக்கு அந்தப்பக்கம் காலித் தொட்டிக்குள் இறங்கி, அவள் கணவன் சவரிநாதன் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அமலு, எம் பொட்டி சுத்தமாயிடிச்சி. உம் பொட்டி இன்னும் திட்டிக்கினேதான் இருக்குதா?"

"மொதல்ல சோப்பு போட்டு குளிங்க. தலகாணிகூட புளிச்சிப்போச்சி."

அவன் சிரிப்பு தொட்டிக்குள் உருண்டது.

இல்லாத அந்த வரிக்கு அவள் கர்சரை இறக்கினாள். வெறுமை. ஆனால் விசைகளின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஏதோ கசிந்து வந்து, விரல்நுனியில் ஒட்டி, கையை எடுக்க எடுக்க நூலாக நீண்டது. புளித்த பாலில் எலி செத்து ஊறியது போன்ற வாடை மூக்கில் ஏறியது. புடவையில் துடைத்தாள். போகவில்லை. நகத்தடியில் இளஞ்சூடாக இருந்தது.

மேனேஜர் தேவநாதன் கதவில் தலை நீட்டினார்.

"வார்னிங்குதானேம்மா, எர்ரர் இல்லியே? பிரம்மதேசத்துப் பால் வண்டி வந்துக்கினு இருக்குது. ஜல்தி ஓட்டிப் பாரு. இல்லன்னா நீயே கைய வுட்டுக் கலக்கு."

அந்த ஒரு வரியை எழுத, அந்த விசைகளை இருபது முறையாவது தொட வேண்டும். எச்சரிக்கையே வராமல் அடக்க மூன்று முறை போதும். மூடி திறந்துதான் இருக்கிறது. ஆறு வருஷமாகத் திறந்த மூடிக்குத் துடுப்பு சுழன்றதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலால், அருவருப்போடு மூன்று முறை தட்டினாள்.

திரை சுத்தமானது. ஓட்டினாள்.

சுவருக்கு அப்பால் மோட்டார் உறுமியது.

தேய்க்கும் சத்தம் நின்றது.

ஓடினாள். மெயின் சுவிட்சை இழுத்தாள். விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. துடுப்பு நிற்கவில்லை. மெதுவாக, கூழ் கிண்டுவதுபோல.

"என்னாங்க."

ஏணியில் ஏறினாள். எட்டிப் பார்த்தாள்.

காலித் தொட்டியில் பாதிவரை பால். ஆவி பறந்தது. ரத்தம் இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை. மேலே தடித்த, மஞ்சள் பாய்ந்த பாலாடை. அதன்மேல் கருப்பாக, குட்டை குட்டையாக மயிர். இரண்டு நாள் சவரம் செய்யாத தாடைபோல.

"அமலு," என்றது அடியிலிருந்து அவன் குரல். "கொஞ்சம் தண்ணி வுடு."

ஒவ்வொரு சொல்லுக்கும் ஆடை உப்பியது. அமுங்கியது. கிழியவே இல்லை.